ஓரத்தில் எழுதும் மொழி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள், உயர்நிலை வகுப்புகளில் கணிதம் நடத்துபவர்கள், தமிழாசிரியர்கள் எல்லோரும் இன்று ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘கணிதத்தில் காரணங்காணல்’. தலைப்புக்குள் போகும் முன், நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்தது. ஏழாம் வகுப்புக்கு வகுப்புத் தேர்வு வைத்தேன். ‘3 செ.மீ., 4 செ.மீ., 6 செ.மீ. பக்க அளவுள்ள முக்கோணம் வரைக’ என்று கேட்க நினைத்தேன். கரும்பலகையில் எழுதும்போது 6-க்குப் பதில் 8 என்று எழுதிவிட்டேன். அதை நான் கவனிக்கவில்லை. வகுப்பில் பெரும்பாலோர் எப்படியோ ஒரு முக்கோணத்தை வரைந்து, பக்கத்தில் 3, 4, 8 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. ஆனாலும் வில் வெட்டிய அடையாளம் இருந்தது, எழுத்துகள் குறித்திருந்தன. மதிப்பெண் போட்டேன்.

ஒரு மாணவி மட்டும் வரையவில்லை. 8 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, இரண்டு முனைகளிலிருந்தும் வில் வெட்டியிருந்தாள். வில்கள் ஒன்றையொன்று தொடவில்லை. கீழே ஒரே வரி: ‘இதை வரைய முடியாது. 3-ம் 4-ம் சேர்ந்தாலும் 8 வரவில்லை.’

நான் பூஜ்ஜியம் போட்டேன். விடைத்தாளைக் கொடுத்தபோது என் மேசைக்கு வந்து கேட்டாள்: “கேள்வி தப்புன்னு சொன்னா அது தப்பா டீச்சர்?” “கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது” என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை பேருந்தில் போகும்போதுதான் 8 என்பது என் தவறு என்று புரிந்தது. மறுநாள் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் மதிப்பெண்ணைத் திருத்தினேன். அவளுக்கும் திருத்தினேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இன்று உங்கள் முன் பேச வைத்திருக்கிறது.

நீல மையும் சிவப்பு மையும்

ஒரு மாணவரின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். நடுவில் நீல மையில் கணக்கு. ஓரத்தில் சிவப்பு மையில் நம் குறிப்பு. ‘2x + 3 = 11; 2x = 8; x = 4’ என்பது நீல மை. ‘மூன்றாம் படிக்குக் காரணம் எழுதவில்லை’, ‘நிறுவ வேண்டியதையே எடுத்துப் பயன்படுத்திவிட்டாய்’ என்பது சிவப்பு மை.

இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே வகைப் பேச்சு அல்ல. நீல மை எண்களைப் பற்றிப் பேசுகிறது. சிவப்பு மை, எண்களைப் பற்றிப் பேசிய அந்த வரிகளைப் பற்றிப் பேசுகிறது. ‘மூன்றாம் படி’ என்பது எந்த எண்ணின் பெயரும் அல்ல. மாணவர் எழுதிய ஒரு வரியின் பெயர்.

தர்க்கவியலில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது பேசப்படும் மொழி. அதைப் பற்றிப் பேச நாம் பயன்படுத்துவது மீமொழி. ஆங்கிலப் பாடத்தில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “இதில் வினைச்சொல் எங்கே இருக்கிறது பாருங்கள்” என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலம் பேசப்படும் மொழி, தமிழ் மீமொழி. தமிழ்ப் பாடத்தில் இரண்டும் தமிழாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

அன்று அந்த மாணவி செய்தது என்ன? நீல மையால் எழுத வேண்டிய இடத்தில் சிவப்பு மை வரியை எழுதினாள். கேள்விக்குள் நின்று வரையாமல், கேள்வியைப் பற்றிப் பேசினாள். அது ஆசிரியர் மட்டும் பேசும் பேச்சு என்று நான் நினைத்திருந்தேன்.

தமிழாசிரியர்களுக்குத் தெரிந்ததுதான்

இதைக் கணிதக்காரர்களின் நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். ‘மரம் உயர்ந்தது’, ‘மரம் மூன்றெழுத்து உடையது’ என்று இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். முதலாவதில் மரம் என்பது தோட்டத்தில் நிற்பது. இரண்டாவதில் அது ஒரு சொல். தோட்டத்து மரத்துக்கு எழுத்தே கிடையாது. அதனால்தான் இரண்டாவது வாக்கியத்தில் ‘மரம்’ என்று மேற்கோள் குறி போடுகிறோம்.

மேற்கோள் குறி வருவதற்கு மிகவும் முன்பே தமிழ் இலக்கணத்தார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘அவ்வீடு’ என்று சொல்லும்போது தொடக்கத்திலுள்ள அ சுட்டுகிறது. அதை நாம் பயன்படுத்துகிறோம். அந்த எழுத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் ‘அகரம்’ என்கிறோம். நெடிலைப் பற்றிப் பேசும்போது ‘ஆகாரம்’. கரம், காரம், கான் ஆகியவற்றை எழுத்துச் சாரியை என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. எழுத்தைப் பயன்படுத்துவது வேறு, எழுத்துக்குப் பெயர் வைத்து அதைப் பற்றிப் பேசுவது வேறு என்ற வேறுபாடு அந்தச் சிறிய ஒட்டுக்குள் இருக்கிறது. நாம் தினமும் வகுப்பில் சொல்லும் ‘அகரம்’ மீமொழிச் சொல்தான்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு. கரும்பலகையில் 3 என்பதைப் பெரிதாகவும் 8 என்பதைச் சிறிதாகவும் எழுதி “எது பெரியது?” என்று ஒன்றாம் வகுப்பில் கேளுங்கள். சில குழந்தைகள் 3 என்பார்கள். அவர்கள் தவறாகச் சொல்லவில்லை. பலகையில் உள்ள எண்ணுருவைப் பற்றிச் சொல்கிறார்கள். நாம் கேட்டது எண்ணைப் பற்றி. ‘23-ஐத் திருப்பிப் போட்டால் 32’ என்கிறோம். திருப்பியது எண்ணுருவைத்தான். இருபத்து மூன்று புளியங்கொட்டைகளை எப்படித் திருப்பிப் போட்டாலும் அவை இருபத்து மூன்றாகத்தான் இருக்கும்.

ஒரு விளையாட்டு

உள்ளே நின்று செய்வதற்கும் வெளியே நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாங்களே உணர ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்க அறிஞர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் 1979-இல் வெளியிட்ட நூலில் மூன்று ஆங்கில எழுத்துகளை வைத்து இதைக் கொடுத்தார். நான் என் ஒன்பதாம் வகுப்புக்காக எழுத்துகளைத் தமிழாக்கிக்கொண்டேன்.

எழுத்துகள் மூன்று: ம, இ, உ. தொடக்கத்தில் கையில் இருப்பது ‘ம இ’. விதிகள் நான்கு.

1. வரிசை இ-யில் முடிந்தால், கடைசியில் ஓர் உ சேர்க்கலாம்.
2. ம-வுக்குப் பின் உள்ள அனைத்தையும் அப்படியே இன்னொரு முறை எழுதி இரட்டிக்கலாம்.
3. மூன்று இ அடுத்தடுத்து வந்தால், அவற்றை எடுத்துவிட்டு அங்கே ஓர் உ வைக்கலாம்.
4. இரண்டு உ அடுத்தடுத்து வந்தால், இரண்டையும் நீக்கலாம்.

கேள்வி: ‘ம உ’ என்ற வரிசைக்கு வந்து சேர முடியுமா?

நீங்களும் தாளை எடுத்துச் செய்து பாருங்கள். ‘ம இ’ என்பதை இரட்டித்தால் ‘ம இ இ’. மறுபடி இரட்டித்தால் ‘ம இ இ இ இ’. மூன்றாம் விதியால் முதல் மூன்று இ-யை மாற்றினால் ‘ம உ இ’. பக்கத்தில் வந்துவிட்டோம், அந்தக் கடைசி இ மட்டும் போனால் போதும் என்று தோன்றும். என் வகுப்பிலும் அப்படித்தான். முதல் இருபது நிமிடம் யாரும் தலை நிமிரவில்லை. ‘வந்துடுச்சு டீச்சர்’ என்று ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கோ ஒரு விதியை மீறியிருந்தார்கள்.

மணி அடிக்கும் நேரத்தில் ஒரு மாணவன் எழுத்துகளை விட்டுவிட்டு இ-க்களை எண்ணத் தொடங்கியிருந்தான். அவன் நோட்டில் 1, 2, 4, 8, 5, 10, 7 என்று எண்கள் மட்டும் இருந்தன. “மூணு வரவே மாட்டேங்குது. ஆறும் வரல, ஒம்பதும் வரல” என்றான்.

மறுநாள் வகுப்பு முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினோம். முதல் விதியும் நான்காம் விதியும் இ-யைத் தொடுவதில்லை. இரண்டாம் விதி இ-க்களின் எண்ணிக்கையை இரட்டிக்கிறது. மூன்றாம் விதி அதில் மூன்றைக் குறைக்கிறது. தொடக்கத்தில் இருப்பது ஓர் இ. மூன்றால் வகுபடாத எண்ணை இரட்டித்தால் அது மூன்றால் வகுபடாது. அதிலிருந்து மூன்றைக் குறைத்தாலும் வகுபடாது. ஆகவே, எத்தனை படி போனாலும் இ-க்களின் எண்ணிக்கை மூன்றின் மடங்காக ஆகாது. ‘ம உ’ என்பதில் இ-க்கள் எத்தனை? பூஜ்ஜியம். பூஜ்ஜியம் மூன்றின் மடங்கு. எனவே ‘ம உ’ ஒருநாளும் வராது.

இந்த முடிவைக் கவனியுங்கள். நான்கு விதிகளில் எதுவும் ‘முடியாது’ என்று சொல்லும் ஆற்றல் கொண்டதல்ல. அந்த விதிகளுக்கு வரிசைகளை மாற்ற மட்டுமே தெரியும். விளையாட்டுக்குள்ளேயே இருந்தால் ஆயுள் முழுவதும் இரட்டித்துக்கொண்டும் நீக்கிக்கொண்டும் இருக்கலாம்; ‘இன்னும் வரவில்லை’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். ‘வராது’ என்று சொல்ல, எண்ணிக்கை, மடங்கு, மீதி என்ற வேறொரு மொழி தேவைப்பட்டது. விளையாட்டுக்குள் எண்களே கிடையாது. அந்த மாணவன் எண்களை வெளியிலிருந்து கொண்டுவந்தான்.

‘முடியாது’ என்பதை நிறுவியவர்கள்

கணித வரலாற்றிலும் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சம பாகமாகப் பிரிக்க முடியுமா? கிரேக்கர் காலத்துக் கேள்வி. இரண்டாயிரம் ஆண்டுகளாக முயன்றார்கள். வரைந்து வரைந்து அதற்கு விடை கிடைக்கவில்லை. 1837-இல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பியேர் வான்ட்செல், பொதுவாக முடியாது என்று நிறுவினார். 60 பாகைக் கோணத்தையே அப்படிப் பிரிக்க முடியாது. அவர் அதை வரைபடத்தால் காட்டவில்லை. கவராயமும் அளவுகோலும் எந்தெந்த நீளங்களைத் தர வல்லவை என்பதை இயற்கணிதத்தால் ஆராய்ந்தார். வடிவியலின் விதிகளைப் பற்றி இயற்கணிதம் பேசியது.

யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள், அதாவது இணைகோட்டு எடுகோளும் அப்படித்தான். மற்ற எடுகோள்களிலிருந்து அதை வருவித்துவிடலாம் என்று பல நூற்றாண்டுகள் பாடுபட்டார்கள். ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியின் யானோஷ் போயாய் 1832-இலும், அந்த எடுகோள் பொருந்தாத வேறொரு வடிவியலை வெளியிட்டார்கள். 1868-இல் இத்தாலியின் பெல்ட்ராமி அத்தகைய வடிவியலுக்கு ஒரு மாதிரியைக் காட்டினார். மற்ற எடுகோள்களிலிருந்து ஐந்தாவது வராது என்பது அதிலிருந்து தெளிவானது. இதுவும் விதிகளுக்கு வெளியே நின்று சொன்ன முடிவுதான்.

ஜெர்மனியின் டேவிட் ஹில்பெர்ட் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். 1899-இல் வடிவியலின் அடிப்படைகள் பற்றி அவர் எழுதிய நூலில், எடுகோள்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா, ஒன்று மற்றவற்றிலிருந்து வருமா என்று கேட்டார். பின்னர் 1920-களில், கணித நிறுவல்களையே வெறும் குறியீட்டு வரிசைகளாக எடுத்துக்கொண்டு அவற்றை ஆராயும் துறைக்கு மீக்கணிதம் என்று பெயரிட்டார். நம் ம-இ-உ விளையாட்டில் செய்ததைத்தான் முழுக் கணிதத்துக்கும் செய்ய நினைத்தார். எண்கணித விதிகளிலிருந்து ஒருநாளும் முரண்பாடு வராது என்று வெளியே நின்று, ஐயத்துக்கு இடமில்லாத எளிய வழிகளில் நிறுவ வேண்டும் என்பது அவர் நோக்கம்.

90-க்குள் ஒரு வாக்கியம்

அந்த நோக்கத்துக்கு வந்த பதில் யாரும் எதிர்பாராதது. 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், 24 வயது கர்ட் கோடல் தம் முடிவை முதன்முதலாக வெளியில் சொன்னார். கட்டுரை 1931-இல் அச்சானது. அவர் பயன்படுத்திய கருவி நாம் ஆறாம் வகுப்பில் நடத்துவது: பகாக் காரணிப்படுத்தல்.

வகுப்புக்காக எளிதாக்கிச் சொல்கிறேன். கோடல் வைத்த எண்கள் வேறு. ‘0’ என்ற குறிக்கு 1, ‘=’ என்ற குறிக்கு 2 என்று வைப்போம். ‘0 = 0’ என்ற வாக்கியத்தில் குறிகள் வரிசையாக 1, 2, 1. முதல் மூன்று பகா எண்கள் 2, 3, 5. அவற்றுக்கு இந்த எண்களை அடுக்குகளாகப் போடுங்கள்: 2¹ × 3² × 5¹ = 90. இப்போது 90 என்ற எண், ‘0 = 0’ என்ற வாக்கியத்தின் அடையாள எண். 90-ஐக் காரணிப்படுத்தினால் வாக்கியம் திரும்பக் கிடைத்துவிடும். எந்த எண்ணையும் ஒரே ஒரு வழியில்தான் பகாக் காரணிகளாக்க முடியும் என்பதால் குழப்பமே வராது.

இனி வருவதுதான் அழகு. ‘இந்த வாக்கியம் 0 என்ற குறியில் தொடங்குகிறது’ என்பது சிவப்பு மை வரி. வாக்கியத்தைப் பற்றிய பேச்சு. அதையே ‘90 என்பது 2-ஆல் வகுபடும், 4-ஆல் வகுபடாது’ என்று எழுதலாம். இது சுத்தமான நீல மை. எண்ணைப் பற்றிய பேச்சு. இப்படியே, ‘இந்த வரிசை அந்த வாக்கியத்துக்கு நிறுவல் ஆகும்’ என்பதையும் எண்களுக்கு இடையிலான ஓர் உறவாக மாற்றிவிட்டார் கோடல். ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள் எல்லாம் நடுப்பக்கத்துக்கு வந்துவிட்டன.

பிறகு, ‘எனக்கு இந்த அமைப்பில் நிறுவல் கிடையாது’ என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு வாக்கியத்தை எண்கணிதத்துக்குள் அமைத்தார். அதற்கு நிறுவல் இருந்தால், அமைப்பு ஒரு பொய்யை நிறுவியதாகிவிடும். நிறுவல் இல்லையென்றால், வாக்கியம் சொல்வது உண்மை. ஆனால் அமைப்புக்குள் அதை நிறுவ வழியில்லை. அடிப்படை எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரண்பாடற்ற, விதிகளைப் படிப்படியாகச் சரிபார்க்கக்கூடிய எந்த அமைப்பிலும் இத்தகைய வாக்கியம் இருக்கும். அப்படிப்பட்ட அமைப்பு, தான் முரண்பாடற்றது என்பதையும் தன் விதிகளைக் கொண்டே நிறுவிக்கொள்ள முடியாது.

ஏறக்குறைய அதே காலத்தில் போலந்தின் ஆல்ஃபிரட் டார்ஸ்கி, உண்மை என்பதைப் பற்றி எழுதினார். ‘இந்த வாக்கியம் பொய்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையானால் பொய், பொய்யானால் உண்மை. ஒரு மொழியின் வாக்கியங்களுக்கு எது உண்மை, எது பொய் என்று வரையறுக்க, அதைவிட வளமான ஒரு மீமொழி வேண்டும் என்று அவர் காட்டினார். தன் விடைத்தாளுக்குத் தானே மதிப்பெண் போட முடியாது என்பது போல.

கணினிக்கு வந்த வேலை

நிறுவலைப் பற்றிப் பேசும் இந்த மொழிகள் தத்துவத்தோடு நின்றுவிடவில்லை. வரைபடத்தில் அண்டை நாடுகளுக்கு ஒரே வண்ணம் வராமல் தீட்ட நான்கு வண்ணங்கள் போதும் என்ற நான்கு வண்ணத் தேற்றம் உங்களுக்குத் தெரியும். 1976-இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியின் உதவியோடு அதை நிறுவினார்கள். கணினி சரிபார்த்த நிலைகளைக் கையால் சரிபார்க்க யாராலும் இயலவில்லை. ஆகவே ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது: சரிபார்த்த நிரலையே யார் சரிபார்ப்பது?

இந்தக் கேள்விக்கு உதவும் வேலையைச் சிலர் முன்பே தொடங்கியிருந்தார்கள். நெதர்லாந்தின் டி ப்ரைன், கணித நிறுவல்களை இயந்திரம் வரிக்கு வரி சரிபார்க்கும் வகையில் எழுத, 1967-இல் ஆட்டோமேத் என்ற மொழியைத் தொடங்கினார். பிரிட்டனைச் சேர்ந்த ராபின் மில்னர் 1970-களில் முதலில் ஸ்டான்ஃபோர்டிலும் பிறகு எடின்பரோவிலும் நிறுவல்களுக்கான ஒரு கணினி அமைப்பை உருவாக்கினார். அதில் நிறுவலை நடத்திச் செல்ல ஒரு நிரல் மொழி தேவைப்பட்டது. அதற்கு எம்.எல். என்று பெயர் வைத்தார். அந்த இரண்டு எழுத்துகளின் விரிவு, மீமொழி என்பதுதான்.

மில்னர் செய்த ஏற்பாடு ஓர் ஆசிரியருக்கு உடனே புரியும். மீமொழியில் நீங்கள் எந்த உத்தியை வேண்டுமானாலும் எழுதலாம். தேடலாம், ஊகிக்கலாம், குறுக்கு வழி பார்க்கலாம். ஆனால் ஒரு வரிக்குத் ‘தேற்றம்’ என்ற முத்திரை, தர்க்கத்தின் அடிப்படை விதிகள் வழியாக வந்தால் மட்டுமே கிடைக்கும். உங்கள் உத்தி தவறாக இருந்தால் நிறுவல் கிடைக்காமல் போகலாம். பொய்யான தேற்றம் கிடைக்காது. ஆகவே பெரிய நிரல் முழுவதையும் நம்ப வேண்டியதில்லை, விதிகள் இருக்கும் அந்தச் சிறிய பகுதியை மட்டும் நம்பினால் போதும்.

1987-இல் எடின்பரோவில் ஹார்ப்பர், ஹான்செல், ப்ளாட்கின் மூவரும் அடுத்த படிக்குப் போனார்கள். தர்க்க அமைப்புகள் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு சரிபார்ப்பு நிரல் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? பல தர்க்கங்களின் விதிகளையும் எழுதி வைக்கக்கூடிய ஒரே பொதுச் சட்டகத்தை அவர்கள் முன்வைத்தார்கள். ஆடு புலி ஆட்டம், பல்லாங்குழி, தாயம் என்று எந்த ஆட்டமானாலும் அதன் விதிகளை ஒரே முறையில் எழுதி வைக்கும் நோட்டு ஒன்று இருந்து, அந்த முறையை அறிந்த ஒரே நடுவர் எல்லா ஆட்டத்துக்கும் தீர்ப்புச் சொன்னால் எப்படியோ, அப்படி. அதைத் தர்க்கச் சட்டகம் என்கிறோம்.

நான்கு வண்ணத் தேற்றத்துக்கு வருவோம். 2005-இல் ஜார்ஜ் கோந்தியே, ‘காக்’ என்ற நிறுவல் மென்பொருளில் அந்தத் தேற்றத்தின் முழு நிறுவலையும் சரிபார்த்து முடித்தார். அந்த மென்பொருளின் உட்கருவும் சிறியது. எதை நம்புகிறோம் என்பதைச் சுட்டிக்காட்ட முடிகிற நிலை வந்தது.

நம் வகுப்பறைக்கு

இவ்வளவு தூரம் போனது நாளைய வகுப்புக்கு எதையாவது எடுத்துவரத்தான். நான் கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். இவை பெரிய திட்டங்கள் அல்ல; தனி நேரமும் கேட்பதில்லை.

தொடக்க வகுப்பில், எண்ணையும் எண்ணுருவையும் கலந்து கேட்கும் கேள்விகளை நாம் தெரிந்தே கேட்கலாம். ‘100 பெரியதா, 99 பெரியதா?’ என்று கேட்டுவிட்டு, ‘எதை எழுத அதிக இலக்கங்கள் தேவை?’ என்று தனியாகக் கேளுங்கள். விளையாட்டு நேரத்தில் நொண்டியோ கிளித்தட்டோ ஆடி முடித்த பிறகு, ‘இதன் விதிகளைச் சொல்லுங்கள், எந்த விதியை எடுத்துவிட்டால் ஆட்டம் கெட்டுப்போகும்?’ என்று கேளுங்கள். ஆடத் தெரிந்த பிள்ளைக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேசவும் பழக்கம் வர வேண்டும்.

நடுநிலை வகுப்பில், ம-இ-உ விளையாட்டைக் கொடுங்கள். விடையை மட்டும் அன்றே சொல்லிவிடாதீர்கள். ‘வரவில்லை’ என்பதற்கும் ‘வராது’ என்பதற்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் ஓர் இரவாவது சுமக்கட்டும்.

உயர்நிலை வகுப்பில், சிவப்புப் பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள். மாதம் ஒருமுறை, தவறுள்ள ஒரு நிறுவலை நானே பலகையில் எழுதுகிறேன். எந்த வரி, எந்த விதியை மீறுகிறது என்று ஓரத்தில் எழுத வேண்டியது அவர்கள் வேலை. ‘தப்பு’ என்று மட்டும் எழுதினால் ஏற்பதில்லை. வரி எண்ணும் காரணமும் வேண்டும். 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்ற நிறுவலை இப்போது என் மாணவர்கள் வேறு கண்ணோடு படிக்கிறார்கள். அதுவும் ‘எத்தனை பின்னங்களை முயன்றாலும் வராது’ என்று சொல்லும் நிறுவல்தானே.

இன்னொன்று, தேர்வு. பொதுத்தேர்வின் விடைக்குறிப்பு நம் கையில் இல்லை. ஆனால் வகுப்புத் தேர்வு நம்முடையது. ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியாவது, ‘முடியாது, ஏனெனில்’ என்பதே சரியான விடையாக இருக்கும்படி வைக்கிறேன். எது என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் முறை வைத்தபோது பெரும்பாலான பிள்ளைகள் எப்படியோ ஒரு விடையை உருவாக்கி எழுதினார்கள். கேட்டால், “கேள்வின்னா விடை இருக்கும்ல டீச்சர்” என்றார்கள். அவர்களை அப்படிப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது தாளை வாங்கியதும் எழுதத் தொடங்காமல், ஒரு நிமிடம் கேள்வியையே பார்த்துக்கொண்டிருக்கும் முகங்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன.

அந்த மாணவியிடம் திரும்பி வருகிறேன். பத்தாம் வகுப்பு முடித்து அவள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். மறுநாளே வகுப்பில் நிறுத்தி, ‘கேள்வி தப்புன்னு சொல்றது தப்பு இல்லம்மா, நேத்து இந்த வகுப்பில் கணக்குப் போட்டவள் நீ ஒருத்திதான்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வில்கள் தொடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தாள். அதோடு நிற்காமல், 3 + 4 < 8 என்ற காரணத்தையும் எழுதினாள். ‘வரவில்லை’ என்பதிலிருந்து ‘வராது’ என்பதற்கு, பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் போய்ச் சேர்ந்தாள். அவளைத் திருப்பி அனுப்பியது நான்.

உங்கள் மேசைக்கு இந்த வாரம் ஒரு பிள்ளை வந்து, “இந்தக் கேள்வியே சரியில்ல” என்று சொன்னால், விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன் “ஏன்?” என்று கேளுங்கள். பிறகு சிவப்புப் பேனாவை அந்தப் பிள்ளையிடம் நீட்டுங்கள்.